பொம்மைப் பாம்பும் சில வைகிங் பெண்களும்

ஒரு சினிமாவின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்கு மூச்சு வாங்கியிருக்கிறதா? எனக்கு வாங்கியிருக்கிறது. 'தி சாகா ஆஃப் தி வைகிங் விமன் அண்ட் தேர் வாயேஜ் டு தி வாட்டர்ஸ் ஆஃப் தி கிரேட் ஸீ ஸெர்ப்பென்ட்'! எண்ணிப் பாருங்கள், பதினேழு வார்த்தை. தமிழில் சொன்னால், 'வைகிங் பெண்களும், மாபெரும் கடல்நாகம் வாழும் நீர்ப்பரப்புக்கு அவர்கள் போன பயணமும் பற்றிய காவியம்'. 1957-ல் வந்த ஹாலிவுட் படம். கறுப்பு வெள்ளை. பெயர்தான் இத்தனை நீளமே தவிர, படம் என்னவோ ஒரு மணி நேரம் சொச்சத்தில் முடிந்துவிடும். டைட்டில் எழுதிய பெயின்ட் செலவிலேயே பாதி பட்ஜெட் காலியாகியிருக்குமோ என்று சந்தேகம் வரும்.

இந்தப் படத்தை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை, தூக்கம் வராத ஒரு மழை ராத்திரியில். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இரண்டாவது தடவை, 'இப்படி ஒரு கண்றாவியைப் பார்த்தேன், நீயும் பார்' என்று நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அவரும் சிரித்தார். மூன்றாவது தடவை, வைகிங்குகளைப் பற்றிய சரித்திரப் புத்தகங்கள் சிலவற்றைப் படித்த கையோடு பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஏன் நின்றது? அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் கதை. வடக்கே, கடலோரத்தில் ஒரு வைகிங் கிராமம். ஆண்கள் எல்லாம் கப்பலேறிப் போய் ரொம்ப காலமாகிவிட்டது. ஒருத்தரும் திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறார்களா, கடல் கொண்டுவிட்டதா, தெரியாது. மிச்சம் இருப்பது பெண்கள் மட்டும். 'நாமே போய்த் தேடலாமா, வேண்டாமா?' என்று ஓட்டெடுப்பு நடத்துகிறார்கள். ஓட்டுச் சீட்டு கிடையாது; ஈட்டிதான் ஓட்டு! போகலாம் என்பவர்கள் ஒரு மரத்தில் ஈட்டியை எறிய வேண்டும். வேண்டாம் என்பவர்கள் இன்னொரு மரத்தில். 'போவோம்' கட்சி ஜெயிக்கிறது. கப்பல் புறப்படுகிறது. தலைவி டெஸிர் (நடித்தவர் ஆபி டால்டன்) தன் காதலன் வெட்ரிக்கைத் தேடிப் போகிறாள். கூடவே எங்கர் என்ற பூசாரிணி (சூசன் கேபட்). இவளுக்கும் அதே வெட்ரிக் மேல் ஒரு கண். ஆக, கப்பலில் ஏறும்போதே ஒரு சக்களத்திச் சண்டையும் ஏறிக்கொண்டுவிட்டது!

நடுக்கடலில் ஒரு பெரிய நீர்ச்சுழல். சுழலுக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறது கடல்நாகம். கப்பல் உடைய, பெண்கள் கரை ஒதுங்குகிறார்கள். அங்கே கிரிமோல்ட் என்ற முரட்டுக் கூட்டம் அவர்களைச் சிறைப்பிடிக்கிறது. தேடி வந்த ஆண்கள் அதே ஊரில்தான் சுரங்க அடிமைகளாகக் கிடக்கிறார்கள் என்று தெரியவருகிறது. அந்த ஊர் இளவரசன் ஒரு தொடைநடுங்கி. வேட்டைக்குப் போன இடத்தில் காட்டுப்பன்றி பாய, அவனைக் காப்பாற்றுவது நம்ம டெஸிர்! அந்த அவமானத்தை அவனால் ஜீரணிக்க முடியவில்லை. கடைசியில் காதலர்கள் இருவரையும் கம்பத்தில் கட்டித் தீ வைக்கப் போகிறார்கள். அதுவரை வில்லியாக இருந்த எங்கர், மனம் மாறி இடிக் கடவுள் தோரைக் கூப்பிட, மழை கொட்டித் தீயை அணைக்கிறது. பிறகென்ன... ஓட்டம், படகு, மறுபடியும் பாம்பு. வெட்ரிக் வீசிய வாள் ஒன்று பாம்பைக் கொல்கிறது. சுபம்.

கதையாகச் சொன்னால் மோசமில்லைதானே? நம்ம ஊர் மாயாஜாலப் படங்களில் இதைவிடப் பெரிய பூவையே காதில் வாங்கிச் சுற்றிக்கொண்டவர்கள் நாம். பிரச்னை, இதைத் திரையில் பார்க்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

பெண்கள் உடுத்தியிருப்பது தோல் மினி ஸ்கர்ட். பனி கொட்டும் வடதுருவப் பக்கத்து ஊரில்! தலை கலையாமல், லிப்ஸ்டிக் அழியாமல் கப்பல் கவிழ்கிறது. வைகிங் தேசம் என்று காட்டப்படும் இடத்தில் கலிபோர்னியா வெயில் சுள்ளென்று அடிக்கிறது. குதிரைத் துரத்தல் நடக்கும் பாறைகள் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கின்றனவே என்று தோன்றும். பார்த்ததுதான். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் கௌபாய் படங்களாக எடுத்துத் தள்ளிய அதே ஐவர்சன் பண்ணை! கௌபாய் போனார், வைகிங் வந்தார், பாறை மட்டும் அப்படியே நிற்கிறது.

கடல்நாகமோ... அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மாபெரும் நாகம் என்று பதினேழு வார்த்தையில் விளம்பரம் செய்யப்பட்ட அந்த ஜீவன், ஒரு கைப்பொம்மை. நடிகைகளுக்குப் பின்னால் இருக்கும் திரையில் அது தனியாகத் தலையாட்டிக்கொண்டிருக்க, இவர்கள் தனியாக அலறிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் ஒருவரை ஒருவர் அறிமுகமே இல்லை!

இந்தக் கூத்து எப்படி நடந்தது தெரியுமா? படத்தை இயக்கியவர் ரோஜர் கார்மன். அப்போது வயது 31. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படித்தவர். சினிமாவையும் ஒரு ஃபாக்டரி இன்ஜினீயர் மாதிரிதான் அணுகினார். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சிக்கனமாக, எவ்வளவு கச்சிதமாக முடிக்கலாம்? அந்த 1957-ஆம் வருஷம் மட்டும் அவர் இயக்கி வெளியான படங்கள் அரை டஜனுக்கு மேல். நம்புங்கள்!

ஒருநாள் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஆசாமிகள் அவரிடம் வந்தார்கள். அதில் ஒருவர், முந்தின வருஷம் வந்த 'ஃபர்பிடன் ப்ளானட்' என்ற பெரிய விண்வெளிப் படத்தின் கதையில் பங்குள்ள இர்விங் ப்ளாக். கையில் பிரமாதமான ஓவியங்கள். கொந்தளிக்கும் கடல், சின்னஞ்சிறு கப்பல், வானத்தை மறைத்து எழும் ராட்சத நாகம். 'இதை உங்கள் பட்ஜெட்டிலேயே செய்து தருகிறோம் சார்!' கார்மன் மயங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் போட்டோவைப் பார்த்தே கல்யாணத்துக்குத் தேதி குறித்த மாதிரி!

பத்தே நாள் ஷூட்டிங். ஒரே நாளில் எழுபதுக்கும் மேற்பட்ட ஷாட்கள் எடுத்ததாகப் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பின்னணித் திரையில் காட்ட வேண்டிய பாம்புக் காட்சியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. பாம்பின் அளவு கப்பலோடு பொருந்தவில்லை, கோணமும் பொருந்தவில்லை. திருப்பி எடுக்கக் காசு ஏது? நாள் ஏது? வெளிச்சத்தைக் குறைத்து, இருட்டடித்து, எப்படியோ ஒப்பேற்றினார்கள். கார்மன் இதை மூடி மறைக்கவில்லை. ஆடம்பரமான ஸ்பெஷல் எஃபெக்ட்ஸைப் படத்தில் வரைந்து காட்டி விற்க வருபவர்களிடம் சின்ன பட்ஜெட்காரன் ஏமாறக்கூடாது என்பது, தான் கற்ற பாடம் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். 1991-ல் ஓர் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி, மட்டமான படங்களைப் போட்டுக் கிண்டலடிப்பதற்கென்றே நடந்த நிகழ்ச்சி, இந்தப் படத்தையும் எடுத்து வறுத்துத் தள்ளியது.

ஆக, குறைகள் என்று பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. சரித்திர ரீதியாகவும் சரி, சினிமாவாகவும் சரி.

ஆனால் ஒன்று. வைகிங் விஷயத்தில் தப்பு செய்தது சின்ன பட்ஜெட்காரர்கள் மட்டுமல்ல. வைகிங் என்றதும் உங்கள் மனசில் என்ன வருகிறது? தாடி... கோடாலி... மாட்டுக் கொம்பு வைத்த இரும்புத் தொப்பி. சரியா? அந்தக் கொம்பு சுத்த ரீல்! 1876-ல் ஜெர்மனியில் பேராயித் நகரில், வாக்னரின் பிரமாண்ட இசை நாடகம் அரங்கேறியது. அதற்கு உடை வடிவமைத்த கார்ல் எமில் டாப்ளர் என்ற ஓவியர், வீரர்களுக்குக் கொம்பும் இறக்கையும் வைத்த தலைக்கவசம் போட்டு அழகு பார்த்தார். அது அப்படியே உலகம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. நிஜமான வைகிங் தலைக்கவசம் ஒன்று 1943-ல் நார்வேயில் யெர்முண்ட்பு என்ற பண்ணையில் துண்டு துண்டாகக் கிடைத்தது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வழுவழுவென்று வட்டமாக இருந்தது. கொம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. டென்மார்க்கில் கொம்பு வைத்த வெண்கலக் கவசங்கள் கிடைத்ததென்னவோ நிஜம். ஆனால் அவை வைகிங்குகளுக்கு ஆயிரத்து அறுநூறு, எழுநூறு வருஷம் மூத்தவை!

எனவே, 'உடை தப்பு, பாறை தப்பு' என்று கார்மனை மட்டும் பிடித்து உலுக்குவது நியாயமில்லை. நான் சொல்ல வந்ததும் அதுவல்ல. படம் வந்த காலத்தில், எல்லாவற்றையும்விடப் பெரிய அபத்தமாகத் தெரிந்தது எது தெரியுமா? கப்பலோட்டும் வைகிங் பெண்கள்!

கொஞ்சம் யோசியுங்கள். கி.பி. 793 ஜூன் மாதம், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடாலயத்தைக் கப்பலில் வந்து சூறையாடினார்கள் வைகிங்குகள். அன்றிலிருந்து அவர்கள் கதையை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண் துறவிகள். எழுதப்பட்டவர்களும் ஆண்கள். பெண்? வீட்டில் இருந்தாள், அல்லது தூக்கிக்கொண்டு போகப்பட்டாள். கார்மன் படம் வந்த அடுத்த வருஷம், 1958-ல், கிர்க் டக்ளஸ் நடித்த 'தி வைகிங்ஸ்' வந்தது. நார்வே நாட்டுக் கடற்கழிகளுக்கே போய், நிஜமான கப்பல்கள் கட்டி, வண்ணத்தில் எடுத்த பிரமாண்டம். அருமையான படம், நானும் ரசித்தவன்தான். அதில் ஒரு காட்சி. ஒரு பெண்ணின் கற்பைச் சோதிக்க, அவள் பின்னல்களை ஒரு பலகையில் பிணைத்துவைத்து, கணவன் தூரத்திலிருந்து கோடாலி வீசிப் பின்னலை வெட்ட வேண்டும். குறி தப்பினால் அவள் கதி அவ்வளவுதான்.

இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய படத்தில் பெண் கட்டுண்டு நிற்க, ஆண்கள் கோடாலி எறிகிறார்கள். டப்பா படத்தில் பெண்கள் தாங்களே ஈட்டி எறிந்து ஓட்டுப் போட்டு, கப்பலேறுகிறார்கள்!

சரி, இதில் எது சரித்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது? இங்கேதான் என் சிரிப்பு நின்றது.

நார்வேயில் ஓஸபர்க் என்று ஒரு பண்ணை. 1903-ல் அங்கே ஒரு விவசாயி மேட்டைத் தோண்டப் போக, பழைய மரம் தட்டுப்பட்டது. மறு வருஷம் காப்ரியேல் குஸ்தாஃப்ஸன் என்ற பேராசிரியர் வந்து முறையாகத் தோண்டினார். உள்ளே ஒரு முழுக் கப்பல்! ஏறத்தாழ இருபத்தியொன்றரை மீட்டர் நீளம். முப்பது பேர் துடுப்புப் போடலாம். ஓக் மரத்தில் இழைத்து இழைத்துச் செய்த சிற்ப வேலைப்பாடு. கூடவே நான்கு சக்கர வண்டி, பனிச்சறுக்கு வண்டிகள், கட்டில்கள், தறிகள், பலி கொடுத்த குதிரைகள். அன்றைய ராஜாங்கமே உள்ளே இருந்தது. புதைத்த வருஷம் கி.பி. 834 என்று மரத்தின் வளையங்களை எண்ணிச் சொல்லிவிட்டார்கள். வைகிங் காலத்துக் கல்லறைகளிலேயே படு ஆடம்பரமான இந்தக் கல்லறையில் படுத்திருந்த மாவீரர் யார்?

மாவீரர் இல்லை. இரண்டு பெண்கள். ஒருத்தி எழுபது வயதைத் தாண்டிய கிழவி. இன்னொருத்திக்கு ஐம்பது இருக்கலாம். அரசியா, பூசாரிணியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. யாராக இருந்தால் என்ன? ஒரு சமுதாயம் தன் மிக அழகான கப்பலை இரண்டு பெண்களுக்குக் கொடுத்துக் கரையேற்றியிருக்கிறது. கார்மன் படம் வந்தபோது, அந்தக் கப்பல் ஏற்கெனவே ஓஸ்லோ மியூசியத்தில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது!

'செத்த பிறகு கப்பல் கொடுத்தது சரி. உயிரோடு இருக்கும்போது ஓட்டினாளா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அதற்கும் ஒருத்தி இருக்கிறாள். பெயர் ஔத். 'ஆழ்ந்த அறிவுடைய ஔத்' என்று பட்டப்பெயர். ஐஸ்லாந்தின் பழைய சாகாக்களும், அந்த நாட்டில் யார் யார் எங்கே குடியேறினார்கள் என்று பதிந்துவைத்த பழைய நூலும் அவளைப் பற்றிப் பேசுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கணவன், டப்ளினை ஆண்ட அரசன், போரில் செத்தான். மகன், ஸ்காட்லாந்தில் பாதியைப் பிடித்தவன்; அவனையும் கொன்றுவிட்டார்கள். சுற்றிலும் எதிரிகள். பேரக் குழந்தைகளோ கைநிறைய. ஔத் என்ன செய்தாள்? அழுதுகொண்டு உட்காரவில்லை. காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு கப்பல் கட்டினாள்! சுதந்திர ஆண்கள் இருபது பேர், அடிமைகள், பேரன் பேத்திகள், சொத்து பத்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆர்க்னி தீவு, ஃபேரோ தீவு என்று வழியில் தங்கி, பேத்திகளுக்கு ஆங்காங்கே கல்யாணமும் செய்துவைத்து, ஐஸ்லாந்து போய்ச் சேர்ந்தாள். மேற்குப் பகுதியில் பரந்த நிலத்தை வளைத்து, கூட வந்தவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தாள். அடிமைகள் சிலருக்கு விடுதலையும் கொடுத்து, நிலமும் கொடுத்தாள்.

சாகாக்கள் எழுதப்பட்டது அவள் காலத்துக்கு முன்னூறு, நானூறு வருஷம் கழித்து. கூட்டிக் குறைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும், ஆண்கள் இல்லாமல் போன வீட்டின் பெண்ணொருத்தி கப்பல் கட்டிக் கடலேறிய கதை, ஐஸ்லாந்துக்காரர்களின் ஞாபகத்தில் அத்தனை காலம் பெருமையாகத் தங்கியிருக்கிறது. பதினேழு வார்த்தை டைட்டில் படத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதானே!

இன்னொரு பெண்ணின் கதை இதைவிட விசேஷம். ஏனென்றால், அவள் பெண் என்பதையே நூற்றிமுப்பத்தொன்பது வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை!

ஸ்வீடனில் பிர்கா என்று வைகிங் காலத்து வியாபார நகரம் ஒன்று. 1878-ல் ஹ்யால்மார் ஸ்டோல்பே என்ற ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு கல்லறையைத் திறந்தார். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வாள், கோடாலி, ஈட்டி, அம்புகள், போர்க்கத்தி, இரண்டு கேடயம், இரண்டு குதிரை. போதாததற்கு, நம்ம சதுரங்கம் மாதிரி வியூகம் வகுத்து ஆடும் ஒரு பலகை விளையாட்டின் முழு செட். ஆயுதம் இருந்தால் ஆண்தானே? 'வைகிங் போர்வீரன்' என்று எழுதி வைத்தார்கள். பாடப்புத்தகங்களில் உதாரணமாகக் காட்டும் அளவுக்கு, அசல் அக்மார்க் வீரன்!

அப்புறம் ஒரு பெண் எலும்பியல் நிபுணர் அந்த எலும்புகளை நிதானமாகப் பார்த்தார். இடுப்பெலும்பு என்னவோ வேறு கதை சொல்கிறதே... சந்தேகம் கிளம்பியது. 2017-ல் மரபணுச் சோதனை முடிவு வெளியானது. போர்வீரன் இல்லை, பெண்.

உலகமே ஆடிப்போனது. அதைவிடச் சுவாரஸ்யம், அதற்கு வந்த எதிர்ப்பு. 'எலும்புகள் மாறிப்போயிருக்கும்', 'பக்கத்தில் இன்னொரு ஆண் பிணம் இருந்திருக்கும்', 'ஆயுதம் வைத்ததாலேயே அவள் சண்டை போட்டாள் என்று சொல்லிவிட முடியுமா?' என்று கேள்வி மேல் கேள்வி. 2019-ல் அந்த ஆய்வாளர்கள் இன்னொரு கட்டுரை எழுதிப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். கடைசிக் கேள்வி நியாயமான கேள்விதான். அவள் நிஜமாகவே களத்தில் இறங்கினாளா, பதவியின் அடையாளமாக ஆயுதங்களை வைத்தார்களா என்று இன்னமும் விவாதிக்கலாம். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ஆண் என்று நினைத்திருந்தவரைக்கும், நூற்றிமுப்பத்தொன்பது வருஷமாக, இந்தக் கேள்வியைக் கேட்கப் பெரிதாக யாரும் மெனக்கெடவில்லை!

இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம். வைகிங் கப்பலை வைகிங் கப்பலாக்கியது எது? பாய்மரம். அந்தப் பாயை எதில் செய்தார்கள்? ஆட்டுக் கம்பளியில். அந்தக் கம்பளியைப் பிரித்து, நூற்று, தறியில் நெய்தது யார்? பெண்கள்தான். ஒரு கப்பலுக்கான பாயைத் தயாரிப்பது, கப்பலைக் கட்டும் வேலைக்குச் சளைத்ததல்ல என்று, பழைய முறையிலேயே நூற்று நெய்து பார்த்த இன்றைய ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அதாவது, ஒரு பெண்கூட ஏறாத கப்பலாக இருந்தாலும், அதைத் தள்ளிக்கொண்டு போனது பெண்களின் உழைப்பு!

அப்படிப் போய்ச் சேர்ந்த தூரமும் லேசுப்பட்டதல்ல. 1960-ல் நார்வேயைச் சேர்ந்த ஹெல்கே இங்ஸ்டாட், ஆனி ஸ்டைன் இங்ஸ்டாட் தம்பதியின் முயற்சியில், கனடாவின் நியூஃபவுண்ட்லாண்ட் தீவில் வைகிங் குடியிருப்பு ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. கொலம்பஸுக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. அங்கே வெட்டப்பட்ட மரங்கள் சில, சரியாக 1021-ல் வெட்டப்பட்டவை என்று 2021-ல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். அந்த இடத்தில் கிடைத்த பொருட்களில் ஒன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சின்ன மாக்கல் வட்டு. நடுவில் ஓட்டை. நூல் நூற்கும் தக்ளியில் மாட்டுகிற வட்டு! அட்லாண்டிக்கைக் கடந்து போன அந்தக் கூட்டத்தில் பெண்களும் இருந்திருக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்ல, அந்த வட்டுதான் சாட்சி. வாள் பேசாத சரித்திரத்தை ஒரு தக்ளி வட்டு பேசிவிட்டது.

'அப்படியானால் ரோஜர் கார்மன் பெரிய தீர்க்கதரிசி என்கிறாயா?' என்று கேட்காதீர்கள். சத்தியமாக இல்லை! அவருக்கு ஓஸபர்க்கும் நினைவில் இருந்திருக்காது, ஔத்தும் இருந்திருக்க மாட்டாள். அழகான பெண்கள், குட்டைப் பாவாடை, ராட்சதப் பாம்பு என்று மூன்றையும் போஸ்டரில் போட்டால் டிக்கெட் விற்கும், அவ்வளவுதான் கணக்கு. கணக்கு அதுவாகவே இருக்கட்டும். கதை என்று ஒன்று தேவைப்பட்டது. பெண்கள் முடிவெடுத்தார்கள், பெண்கள் கப்பல் ஓட்டினார்கள், ஒரு பெண் பன்றியைக் கொன்று ஆணைக் காப்பாற்றினாள் என்று போகிற போக்கில் படம் பிடித்து வைத்துவிட்டார்கள். பெரிய படிப்பாளிகள் ஆயுதத்தைப் பார்த்து 'ஆண்' என்று எழுதி வைத்திருந்த அதே காலத்தில்!

பெரிய பட்ஜெட்காரனுக்கு ஜெயித்தே ஆக வேண்டிய பயம் உண்டு. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அவன் எடுப்பான். தோற்றாலும் குடி முழுகிவிடாது என்பவன்தான் கன்னாபின்னாவென்று எதையாவது முயற்சி செய்து பார்ப்பான். கார்மன் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் இருந்தார். படத்தில் மட்டுமில்லை, ஆட்களிலும். காசு கொஞ்சமாகக் கொடுப்பார், வாய்ப்பைத் தாராளமாகக் கொடுப்பார். கொப்போலா, மார்ட்டின் ஸ்கார்செஸி, ஜேம்ஸ் கேமரூன் எல்லாரும் அவரது பட்டறையில் வேலை பழகியவர்கள். 'டெர்மினேட்டர்' படத்தைத் தயாரித்த கேல் ஆன் ஹர்ட் என்ற பெண்மணி, கார்மனின் உதவியாளராகச் சேர்ந்து மேலே வந்தவர். 2009-ல் ஆஸ்கர்காரர்கள் கூப்பிட்டுக் கௌரவ விருது கொடுத்தார்கள். 2024 மே மாதம், 98 வயதில் காலமானார். அவர் பட்டறையில் பொம்மைக் கப்பல் செய்து பழகிய கேமரூன்தான், பின்னால் 'டைட்டானிக்' எடுத்து உலகத்தையே அழவைத்தார் என்பதை நினைத்தால், அந்தப் பாம்பைக்கூட மன்னித்துவிடத் தோன்றுகிறது.

பாம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஓஸபர்க் கப்பலின் முன்பக்கம் அப்படியே மேலே எழும்பி, சுருண்டு சுருண்டு, ஓர் உருவத்தில் போய் முடிகிறது. என்ன உருவம் தெரியுமா?

ஒரு நாகத்தின் தலை.

இரண்டு பெண்கள், ஒரு கப்பல், ஒரு கடல்நாகம். மூன்றும் ஒன்றாக, ஆயிரத்து எழுபது வருஷம் மண்ணுக்குள் காத்திருந்தன. யாரோ ஒரு சிற்பி, அந்தக் காலத்தில், தன் கையால் இழைத்து இழைத்துச் செய்த பாம்பு அது. கார்மனுடைய பாம்பு அதன் கால் தூசுக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும், எங்காவது அந்தப் பதினேழு வார்த்தைப் படம் கிடைத்தால் பாருங்கள். பொம்மை தலையாட்டும்போது தாராளமாகச் சிரியுங்கள், அதற்குத்தான் இருக்கிறது. ஆனால், அந்தப் பெண்கள் ஈட்டியை எடுத்து மரத்தில் எறிகிற முதல் காட்சியில் மட்டும் சிரிக்காதீர்கள். ஔத் பார்த்தால் கோபித்துக்கொள்வாள்!